கழுவிய கையிலும் கிருமி! காட்டிக் கொடுக்கும் ஊதா விளக்கு: நர்சுகளுக்கு நடக்கும் உயிர் காக்கும் பயிற்சி

அறையில் விளக்கு அணைக்கப்படுகிறது. கும்மிருட்டு. மேஜை மேல் ஒரு பெட்டி. பெட்டிக்குள் ஊதா நிற வெளிச்சம். நர்சுகள் ஒவ்வொருவராக வந்து பெட்டிக்குள் கையை நீட்டுகிறார்கள்.

சற்று முன்புதான் எல்லோரும் சோப்பு போட்டுக் கை கழுவி விட்டு வந்தார்கள். வெளியே பார்த்தால் கை சுத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பெட்டிக்குள்?

கட்டை விரலைச் சுற்றி பளிச்! விரல் நுனியில் பளிச்! விரல் இடுக்கில் பளிச்!

"ஐயையோ! இப்பத்தானே கழுவிட்டு வந்தேன்!" என்று பதறாதவர்கள் குறைவு.

ஆஸ்பத்திரிகளில் நர்சுகளுக்கு நடத்தப்படும் தொற்றுத் தடுப்புப் பயிற்சியில் இப்படி ஒரு சோதனை உண்டு. இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. கழுவுவதற்கு முன்பே எல்லோர் கையிலும் ஒரு களிம்பு பூசி விடுவார்கள். சாதாரண வெளிச்சத்தில் அது கண்ணுக்குத் தெரியாது. புற ஊதா விளக்கில் மட்டும் மின்னும். மின்னுகிற இடமெல்லாம் சரியாகக் கழுவாத இடம். அந்தக் களிம்புக்குப் பதில் நோய்க் கிருமி இருந்திருந்தால்? அடுத்த கட்டிலில் படுத்திருக்கும் நோயாளிக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்!

ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்தாலும் மனதில் பதியாத விஷயம், இந்தப் பெட்டிக்குள் ஒரு தடவை கையை விட்டால் பதிந்து விடும்.

நோய் தீர்க்கப் போன இடத்தில் நோய்

காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். ஆபரேஷனுக்குப் போகிறோம். பிரசவத்துக்குப் போகிறோம். போன இடத்தில் புதிதாக ஒரு நோய் ஒட்டிக் கொண்டால் என்ன செய்வது?

இது எப்போதோ ஒருவருக்கு நடக்கிற சங்கதி அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2022-ம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை சொல்லும் கணக்கு இது: பணக்கார நாடுகளின் ஆஸ்பத்திரிகளில் சேரும் 100 நோயாளிகளில் 7 பேருக்கு அங்கேயே ஏதாவது ஒரு தொற்று வந்து விடுகிறது. மற்ற நாடுகளில் அது 15 பேர். அப்படித் தொற்று வந்தவர்களில் சராசரியாக 10-க்கு ஒருவர் உயிர் இழக்கிறார்.

ஆபரேஷன் செய்த புண்ணில் சீழ். சிறுநீர்க் குழாய் வழியாகக் காய்ச்சல். சுவாச எந்திரம் வைத்தவருக்கு நிமோனியா. டிரிப்ஸ் ஏறும் குழாய் வழியே ரத்தத்தில் கிருமி. இவைதான் அந்த நோய்கள். மருந்துக்கு எளிதில் அடங்காத கிருமிகள் அதிகம் உலவுகிற இடமும் ஆஸ்பத்திரிதான். வீட்டுக்கு ஐந்து நாளில் திரும்ப வேண்டியவர் பதினைந்து நாள் படுத்திருப்பார். பில் ஏறும். வேலைக்குப் போகாத நாளும் ஏறும்.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. சரியாகக் கை கழுவுவது போன்ற செலவு குறைந்த வழிகளாலேயே இந்தத் தொற்றுகளில் 100-க்கு 70 வரை தடுக்க முடியும் என்கிறது அதே அறிக்கை.

வியன்னா டாக்டரின் சோகம்

கை கழுவினால் உயிர் பிழைக்கும் என்பது இன்று நேற்று தெரிந்த விஷயம் அல்ல. 1847-ம் ஆண்டிலேயே ஒருவர் நிரூபித்துக் காட்டினார். அவர் பெயர் செம்மல்வைஸ். ஐரோப்பாவில் வியன்னா நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டராக இருந்தவர்.

அங்கே இரண்டு பிரசவ வார்டுகள். ஒன்றில் மருத்துவ மாணவர்கள் பயிற்சி பெற்றார்கள். இன்னொன்றில் மருத்துவச்சிகள். மாணவர்கள் இருந்த வார்டில்தான் தாய்மார்கள் அதிகமாக இறந்தார்கள். ஏன்? அவர்கள் பிணப் பரிசோதனை அறையில் இருந்து நேராகப் பிரசவ வார்டுக்கு வந்தார்கள்!

"குளோரின் கலந்த தண்ணீரில் கை கழுவி விட்டுத்தான் உள்ளே வர வேண்டும்" என்று செம்மல்வைஸ் கட்டளை போட்டார். அந்த ஆண்டு ஏப்ரல் மாதத்தில் 100-க்கு 18 தாய்மார்கள் இறந்த வார்டில், ஜூன் மாதம் சாவு 100-க்கு 2 ஆகக் குறைந்தது.

ஆனால் பாராட்டு கிடைத்ததா? இல்லை. "எங்கள் கையால் நோயாளி சாகிறாரா?" என்று பல டாக்டர்கள் முகம் சுளித்தார்கள். 1865-ல் மனநோய் விடுதியில் அவர் உயிர் பிரிந்தது.

அன்று கை கழுவு என்றால் கோபம் வந்தது. இன்று அந்தக் கோபம் இல்லை. இன்றைய எதிரி வேறு. அவசரம்!

"சிஸ்டர், சீக்கிரம் வாங்க!"

ஒரு வார்டை மனக்கண்ணில் பாருங்கள்.

"சிஸ்டர், எங்க அம்மாவுக்கு டிரிப்ஸ் தீர்ந்து போச்சு!" என்று ஒரு குரல். "சிஸ்டர், பையன் வாந்தி எடுக்கிறான்!" என்று இன்னொரு குரல். போன் மணி அடிக்கிறது. ரவுண்ட்சுக்கு டாக்டர் வருகிறார். புதிதாக ஒரு ஸ்டிரெச்சர் உள்ளே வருகிறது. நர்சு ஒருவர். கட்டில்கள் பல.

இந்த ஓட்டத்தில் கை கழுவ வேண்டும் என்று தெரியாமல் இல்லை. தெரிந்ததைக் கை மறந்து விடுகிறது. எனவே இந்தப் பயிற்சியில் அறிவுரையை விடப் பழக்கத்துக்குத்தான் முதல் இடம். மூளை யோசிப்பதற்கு முன்னால் கை தானாகச் செய்ய வேண்டும். சைக்கிள் பழகுவது மாதிரி!

எப்போதெல்லாம் கை கழுவ வேண்டும்? உலக சுகாதார நிறுவனம் ஐந்து நேரங்களை வகுத்திருக்கிறது. அவை:

1. நோயாளியைத் தொடும் முன்.

2. ஊசி போடுவது, புண்ணுக்கு மருந்து கட்டுவது, குழாய் செருகுவது போன்ற வேலைகளுக்கு முன்.

3. ரத்தம், சளி, சிறுநீர் பட வாய்ப்பு உள்ள வேலை முடிந்த பின்.

4. நோயாளியைத் தொட்ட பின்.

5. நோயாளியின் கட்டில், மேஜை, போர்வை போன்றவற்றைத் தொட்ட பின்.

இந்த ஐந்தாவதில்தான் பலர் கோட்டை விடுவார்கள். "நான் பேஷண்டைத் தொடவே இல்லையே!" என்பார்கள். ஆனால் கட்டில் கம்பியிலும் கிருமி இருக்கும்.

எப்படிக் கழுவ வேண்டும் என்பதற்கும் முறை உண்டு. உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு, விரல்களின் பின்பக்கம், கட்டை விரல், விரல் நுனி என்று வரிசையாகத் தேய்க்க வேண்டும். சோப்பும் தண்ணீரும் என்றால் முழு வேலைக்கும் 40 முதல் 60 விநாடி. ஆல்கஹால் கலந்த கை மருந்து என்றால் 20 முதல் 30 விநாடி. கையில் அழுக்கோ ரத்தமோ கண்ணுக்குத் தெரிந்தால் கை மருந்து போதாது. சோப்புதான். மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எல்லாம் வேலை நேரத்தில் கூடாது. அவற்றின் அடியில் கிருமி பத்திரமாக ஒளிந்து கொள்ளும்.

"கையுறை போட்டிருக்கிறேன், அப்புறம் எதற்குக் கழுவ வேண்டும்?" என்ற கேள்வியும் வரும். கையுறையில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்கலாம். கழற்றும்போதும் கையில் படலாம். ஒரே கையுறையோடு அடுத்த கட்டிலுக்குப் போனால், கிருமியை மடியில் கட்டிக் கொண்டு போன மாதிரிதான்!

ஜெனீவாவில் நடந்த அதிசயம்

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஒரு நர்சு ஒரு மணி நேரத்தில் 20 தடவை கை கழுவ வேண்டி வருகிறது என்று வைத்துக் கொள்வோம். தடவைக்கு ஒரு நிமிடம். குழாயடிக்குப் போய் வர நேரம் வேறு. மணிக்கு 20 நிமிடத்துக்கு மேல் குழாயடியிலேயே போய் விடும். நோயாளியை யார் பார்ப்பது?

சுவிட்சர்லாந்து நாட்டின் ஜெனீவா நகரத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் பிட்டே என்பவர் இந்தச் சிக்கலைப் பிடித்தார். நர்சு குழாயைத் தேடிப் போக வேண்டாம். கை மருந்து நர்சைத் தேடி வரட்டும் என்றார். கட்டிலுக்குக் கட்டில் பாட்டில் வைத்தார்கள். சட்டைப் பையிலும் சின்ன பாட்டில் கொடுத்தார்கள். சுவரெல்லாம் விளம்பரப் படம். யார் கழுவுகிறார்கள், யார் கழுவவில்லை என்று கவனித்து, அந்தக் கணக்கை அவர்களுக்கே காட்டினார்கள்.

பலன்? 1994-ல் 100-க்கு 48 தடவைதான் விதிப்படி கை சுத்தம் செய்யப்பட்டது. 1997-ல் அது 66 ஆக உயர்ந்தது. அதே காலத்தில் ஆஸ்பத்திரித் தொற்று 100-க்கு சுமார் 17-ல் இருந்து சுமார் 10 ஆக இறங்கியது.

இதில் உள்ள பாடம் முக்கியமானது. பாடம் நடத்தினால் மட்டும் போதாது. பாட்டிலும் கைக்கு எட்ட வேண்டும். பயிற்சி கொடுத்து விட்டு, வார்டில் சோப்பு இல்லை, தண்ணீர் வரவில்லை, கையுறை தீர்ந்து விட்டது என்றால் பழி நர்சு மேல் விழும். குற்றம் வேறு இடத்தில் இருக்கும். அந்தக் கை மருந்தைக் குறைந்த செலவில் ஆஸ்பத்திரியிலேயே தயாரிக்கும் முறையையும் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்டிருக்கிறது. எனவே காசு இல்லை என்ற சாக்கும் செல்லாது.

மூடியால் வரும் வினை

பயிற்சியில் நோயாளியைக் காப்பது பாதி. நர்சு தன்னைத்தானே காத்துக் கொள்வது மீதி.

ஊசி போட்டு முடித்ததும் அதன் மூடியை எடுத்து மாட்டுகிறார் ஒருவர். ஒரு கணம் கவனம் பிசகுகிறது. சுருக்! விரலில் ஒரு துளி ரத்தம். அவ்வளவுதான். அன்று இரவு தூக்கம் போச்சு!

ஏன் தெரியுமா? அந்த நோயாளிக்கு எய்ட்ஸ் கிருமி இருந்தால், இப்படி 1,000 பேருக்குக் குத்தினால் சுமார் 3 பேருக்குத் தொற்றலாம். மஞ்சள் காமாலை 'சி' கிருமியும் இப்படித் தொற்றலாம். காமாலை 'பி' கிருமி என்றால், தடுப்பூசி போடாதவர்களில் 100-க்கு 6 முதல் 30 பேர் வரை! மூன்று தவணைத் தடுப்பூசி போட்டுக் கொண்டவர்களுக்கு அந்தப் பயம் பெரும்பாலும் இல்லை.

எனவே பயிற்சியின் முதல் கட்டளை: போட்ட ஊசிக்குத் திரும்ப மூடி போடாதே! நேராகக் குத்து தாங்கும் வெள்ளைப் பெட்டிக்குள் போடு!

மீறிக் குத்தி விட்டால்? விரலை வாயில் வைக்கக் கூடாது. பிதுக்கக் கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். உடனே மேலதிகாரியிடம் சொல்ல வேண்டும். எய்ட்ஸ் கிருமியைத் தடுக்கும் மாத்திரையை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் மிக நல்லது. 72 மணி நேரம் தாண்டக் கூடாது. 28 நாள் சாப்பிட வேண்டும்.

"சொன்னால் திட்டு விழுமோ" என்று பயந்து மறைப்பவர்கள் உண்டு. அந்த மௌனம்தான் ஊசியை விட ஆபத்து.

சென்னை கொடுத்த எச்சரிக்கை

இந்தக் கதையில் சென்னைக்கும் ஒரு பங்கு இருக்கிறது. இந்தியாவில் எய்ட்ஸ் கிருமி முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது 1986-ம் ஆண்டு. கண்டுபிடித்தது சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமன் குழு. கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்க வைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்திய காலம் அது.

யாருக்குக் கிருமி இருக்கிறது என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. "அப்படியானால் எல்லோருடைய ரத்தத்தையும் கிருமி உள்ள ரத்தமாகவே நினைத்துக் கையாளுவோம்" என்ற விதி 1987-ல் அமெரிக்காவில் வகுக்கப்பட்டது. இன்று உலகம் முழுக்க நர்சுகளுக்குச் சொல்லித் தரப்படும் பாடத்தின் அஸ்திவாரம் அதுதான். பணக்காரர், ஏழை, குழந்தை, கிழவர் யாராக இருந்தாலும் ஒரே ஜாக்கிரதை. ஆளைப் பார்த்து மாற்றுவது இல்லை.

அந்த விதி எவ்வளவு முக்கியம் என்பதைப் பக்கத்து மாநிலத்தில் நடந்த ஒரு சம்பவம் சொல்லும்.

2018 மே மாதம். கேரளாவில் கோழிக்கோடு மாவட்டம். பேராம்பிரா தாலுகா ஆஸ்பத்திரிக்கு ஒருவர் காய்ச்சலோடு வந்தார். என்ன காய்ச்சல் என்று அப்போது யாருக்கும் தெரியாது. அவரைக் கவனித்த நர்சுகளில் லினியும் ஒருவர். இரண்டு சின்னப் பிள்ளைகளின் தாய். பிறகுதான் அது நிபா என்று தெரிந்தது. மே 21-ந் தேதி லினி இறந்தார். சாவதற்கு முன் கணவருக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தார்.

அந்தத் தடவை நிபாவுக்கு 17 பேர் பலியானார்கள். நோய் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு அது தொற்றியது ஆஸ்பத்திரிகளில்தான். நோய்க்குப் பெயர் வைக்கும் முன்பே ஜாக்கிரதை தொடங்க வேண்டும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

கழற்றும்போதுதான் கண்டம்

2020-ல் கொரோனா வந்தபோது தலை முதல் கால் வரை மூடிய கவச உடையை எல்லோரும் டெலிவிஷனில் பார்த்தார்கள். அதைப் போடுவதை விடக் கழற்றுவதுதான் கஷ்டம். வெளிப்பக்கம் முழுவதும் கிருமி. எட்டு மணி நேரம் வேர்த்து விறுவிறுத்து, எப்போது கழற்றி எறிவோம் என்று இருக்கும். அந்த அவசரத்தில்தான் கிருமி கைக்கும் முகத்துக்கும் தாவும்.

எனவே கழற்றும் முறையைத் திரும்பத் திரும்பப் பழக்குகிறார்கள். உள்பக்கம் வெளியே வரும்படி சுருட்ட வேண்டும். மூக்கை மூடிய கவசம் கடைசியில்தான். நடுநடுவே கை சுத்தம். ஒருவர் கழற்றும்போது இன்னொருவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். "அக்கா, கண்ணாடியைத் தொட்டுட்டீங்க" என்று வயதில் சின்ன நர்சு சொன்னாலும் கோபப்படக் கூடாது.

குப்பையிலும் இந்த ஜாக்கிரதை உண்டு. ரத்தம் பட்ட பஞ்சும் கட்டுத் துணியும் மஞ்சள் பைக்கு. டியூப், கையுறை, ஊசி கழற்றிய சிரிஞ்ச் சிவப்புப் பைக்கு. ஊசியும் பிளேடும் வெள்ளைப் பெட்டிக்கு. கண்ணாடி மருந்துக் குப்பி நீலப் பெட்டிக்கு. ஒரு ஊசி தப்பி மஞ்சள் பைக்குள் போனால், அதைத் தூக்கும் துப்புரவுத் தொழிலாளியின் கையில் குத்தும். எனவே பயிற்சி அவருக்கும் சேர்த்துத்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

2016-ம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. கழிவைக் கையாளும் ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கு வேலையில் சேரும்போதே பயிற்சி தர வேண்டும். அதன் பிறகு வருஷத்துக்கு ஒரு தடவையாவது தர வேண்டும். காமாலை 'பி' தடுப்பூசியும், டெட்டனஸ் தடுப்பூசியும் போட வேண்டும். 2020 ஜனவரியில் மத்திய அரசு தொற்றுத் தடுப்புக்கென்றே தேசிய வழிகாட்டு நூலும் வெளியிட்டது.

இந்த வேலையை மட்டும் கவனிக்கத் தனியாக ஒரு நர்சு வேண்டும். 250 படுக்கைக்கு ஒருவராவது இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வார்டு வார்டாகச் சுற்றி, யார் கை கழுவுகிறார், எந்தக் குழாய் தேவையில்லாமல் இன்னும் மாட்டியிருக்கிறது, சிறுநீர்ப் பை தரையில் கிடக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. அவரையே ஆள் இல்லாத வார்டுக்கு டியூட்டி பார்க்க அனுப்பினால் அந்தப் பதவி பெயருக்குத்தான்.

பஸ் கம்பி பிடித்த கை

எல்லாம் நர்சு தலையில்தானா? பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்றும் இல்லையா?

சாயந்திரம் ஆபீஸ் விடுகிறது. கடையை மூடுகிறார்கள். பஸ் கம்பியைப் பிடித்து, சில்லறை வாங்கி, ஆஸ்பத்திரிப் படிக்கட்டுக் கைப்பிடியைத் தொட்டு, நேராகப் போய் நோயாளியின் கையைப் பிடித்து "எப்படி இருக்கே?" என்று கேட்கிறார்கள். அன்புதான். ஆனால் அந்தக் கையோடு பஸ்ஸில் ஏறிய அத்தனை பேரும் வந்து விட்டார்கள்!

எனவே பார்க்கப் போகிறவர்கள் செய்ய வேண்டியது:

உள்ளே போகும் முன்னும், வெளியே வந்த பின்னும் கை கழுவுங்கள்.

கட்டிலில் உட்காராதீர்கள். டிபன் கேரியரை அதன் மேல் வைக்காதீர்கள்.

டிரிப்ஸ் குழாயை, சிறுநீர்ப் பையை நீங்களாகத் தொடாதீர்கள்.

இருமல், காய்ச்சல் இருந்தால் அன்று போகாதீர்கள். போனில் பேசினால் போதும்.

இன்னும் ஒன்று. நர்சு கை சுத்தம் செய்து கொண்டிருக்கும்போது "எவ்வளவு நேரம் சிஸ்டர்?" என்று சத்தம் போடாதீர்கள். அந்த 30 விநாடி உங்கள் வீட்டு நோயாளிக்காகத்தான் செலவாகிறது. அவசரத்தில் அவர் மறந்து விட்டால், "கை கழுவிட்டீங்களா சிஸ்டர்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல பயிற்சி பெற்ற நர்சு அதற்குக் கோபப்பட மாட்டார்.

அந்த ஊதா விளக்கு பயிற்சி அறையில் மட்டும்தான் இருக்கும். வார்டில் இருக்காது. அங்கே கிருமி மின்னாது. கை கழுவியதை யாரும் பார்க்கவும் மாட்டார்கள். யாரும் பார்க்காத அந்த நேரத்திலும் கட்டை விரலைத் தேய்க்கிற நர்சால்தான் ஒரு நோயாளி குறித்த நாளில் வீடு திரும்புகிறார்!